பாதியுடலோடு நடந்த நெடுவழி

பாரிசம் என்பது பக்கம் எனப் பொருள்படும் சொல். உடலின் ஒரு பக்கத்தைப் பற்றி வலியிழக்கச் செய்யும் நோயைப் பாரிசவாதம் என்று முன்னோர் அழைத்தனர். கல்முனை தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் நம் கரையூர்களிலே இந்நோயை அறியாத தெரு இல்லை எனலாம். வைகறைத் தொழுகை முடிந்ததும் வட்டைக்குப் புறப்பட்டு, வரம்பு வரம்பாய் நடந்து, வேளாண்மையைக் கண்ணால் அளந்து வந்த போடியார், ஒருநாள் காலையிலே கையும் காலும் வழங்காமற் கட்டிலிற் கிடக்கின்றார். அன்று முதல் வீட்டார் அவரை அன்பினாலே கட்டிப் போடுகின்றனர். எழுந்திருக்க விடார், ஒரு கோப்பைத் தண்ணீரைத் தாமே எடுத்துப் பருக விடார். கணக்குக் கொப்பி மகன் கைக்கு மாறுகின்றது. விதைப்பைப் பற்றியோ அறுவடையைப் பற்றியோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. நோய் முடக்கியது ஒரு பக்கத்தை. எஞ்சிய பக்கத்தை முடக்கிவிடுவது நமது பரிவு.

நோயுற்ற உடலைப் பொருட்படுத்தாது பணி முடித்தோர் நம் மண்ணிலும் உளர். காரைதீவிலே பிறந்து கல்முனையிலே கல்வி பயின்ற விபுலாநந்த அடிகள், நலிவுற்ற உடலோடு தமிழ்நாடு சென்று, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த திங்களிலே மறைந்தார். அது இறுதி நாள்களின் உறுதி. ஆனால், நடுவயதிலே ஒரு பக்கம் வலியிழந்து, அதன் பின்னர் ஏறத்தாழ 27 ஆண்டுகள் அந்த உடலையே கருவியாகக் கொண்டு நடமாடி உழைத்த ஒருவரின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், நாம் பிரான்சு தேசத்துக்குச் செல்லல் வேண்டும். லூயி பாஸ்டர் என்ற பெயரை நம் மாணவர் அனைவரும் அறிவர். விசர்நாய்க் கடிக்கு மருந்து கண்டவர் என்று பாடநூல் கூறும். அம்மருந்தைக் கண்டபோது அவர் இடக்கை சுருங்கி, இடக்கால் இழுத்து நடந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சின் கிழக்குப் பகுதியிலே, தோல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளர். நெப்போலியனின் படையிலே பணிபுரிந்தவர். பிள்ளை இளமையிலே ஓவியம் தீட்டுவதில் வல்லவனாக இருந்தான். பின்னர் இரசாயனத்திலே மனத்தைச் செலுத்தினான். 25 வயதிலே, ஒரே பொருளின் பளிங்குகளுள் இடக்கையும் வலக்கையும் போன்று ஒன்றுக்கொன்று எதிருருவான இரு வகைகள் உள்ளன என்பதைக் கண்டு காட்டி அறிஞர் கவனத்தைக் கவர்ந்தான். 1849இல் மரீ லோரான் என்னும் மங்கையை மணந்தார் பாஸ்டர். கணவர் சொல்லச் சொல்ல எழுதும் பணியை அவ்வம்மையார் வாழ்நாள் முழுவதும் மேற்கொண்டார்.

நொதித்தல் என்பது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் செயலே என்பதையும், உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றுவதில்லை என்பதையும் அவர் சோதனைகளால் நிறுவினார். 1865ஆம் ஆண்டிலே பிரான்சின் தென்பகுதியிற் பட்டுப்புழுக்கள் நோயால் மடிந்தொழிந்தன. புழு மடியப் பட்டு இல்லை. பட்டு இல்லையேல் குடும்பங்களுக்குச் சோறு இல்லை. நூல் கிடையாமல் தறி நின்ற நாள்களை அறிந்த நம் மருதமுனை நெசவாளர்க்கு அத்துயரத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அரசாங்கத்தின் வேண்டுகோளை ஏற்றுப் பாஸ்டர் அலே நகருக்குச் சென்றார். அதுவரை பட்டுப்புழுவைக் கையாலும் தொட்டறியாதவர் அவர்.

அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அவருக்குப் பொல்லாத ஆண்டுகள். 1865இல் தந்தையார் இறந்தார். அதே ஆண்டில் இரண்டு வயதுக் குழந்தை கமீல் இறந்தாள். 1866இல் 12 வயது மகள் செசீல் குடற்காய்ச்சலுக்கு இரையானாள். மூத்த மகள் ஜான் அதே நோயால் 1859இலே மறைந்திருந்தாள். ஐந்து பிள்ளைகளுள் மூவரை மண்ணுக்குக் கொடுத்த தந்தை, இரவும் பகலும் நுணுக்குக்காட்டியின் முன்னே அமர்ந்திருந்தார்.

1868ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், அவருக்கு வயது 45. காலையிலே இடப்புறத்தில் ஏதோ ஊர்வது போன்ற உணர்ச்சி. பகலுணவுக்குப் பின் நடுக்கம் கண்டது. ஆயினும் விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்துக்குச் சென்று, பட்டுப்புழுவைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாசித்து, நடந்தே வீடு திரும்பினார். இரவு படுக்கைக்குச் சென்ற சிறிது நேரத்திலே நோய் தாக்கியது. முதலிற் பேச்சுத் தடுமாறியது. இடக்கையும் இடக்காலும் சிறிது சிறிதாக வலியிழந்தன. மருத்துவர் காதின் பின்புறத்தே அட்டைகளை விட்டு இரத்தத்தை வாங்கினார். அக்கால மருத்துவம் அறிந்தது அவ்வளவே.

மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தை ஆள்வது. பேச்சை ஆளும் பகுதியோ பெரும்பாலார்க்கு மூளையின் இடப்பாதியில் உள்ளது. பாஸ்டரின் நோய் வலப்பாதியைப் பற்றியதாதலின், பேச்சு மீண்டது, அறிவு மங்கவில்லை, எழுதும் வலக்கை எஞ்சியது. ஒரு வாரம் கழிவதற்கு முன்னரே, இரவிலே விழித்திருந்து, பட்டுப்புழு நோயை முன்கூட்டி அறியும் முறை ஒன்றைத் தம் மாணவருக்குச் சொல்லி எழுதுவித்தார். அக்குறிப்பு அக்டோபர் 26ஆம் நாள் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. படுக்கையிலிருந்து அசைய முடியாதவர் அனுப்பிய குறிப்பு அது.

இவ்விடத்தே ஒரு நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர் நோயுறுவதற்குச் சிறிது முன்னரே, மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி அவருக்கென ஓர் ஆய்வுகூடம் கட்டும் பணி தொடங்கியிருந்தது. நோய்ச் செய்தி பரவியதும் அப்பணி நிறுத்தப்பட்டது. கட்டடம் எவ்வளவு எழுந்துள்ளது என்று படுக்கையிற் கிடந்தவர் கேட்டபோதெல்லாம் சுற்றியிருந்தோர் தெளிவற்ற விடையே கூறினர். உண்மை அவருக்குப் புலனாயிற்று. தாம் இறந்துவிடுவோம் என்று எண்ணியே சுவரெழுப்புவதை நிறுத்தினர் என்று அறிந்து அவர் உள்ளம் நொந்தார். அந்நோவு பாரிசவாதத்தினும் கொடியது. நண்பர் ஒருவர் மூலம் இது பேரரசரின் செவிக்கு எட்டியது. வேலை மீண்டும் தொடங்கிற்று.

நம் வீடுகளிலும் இவ்வாறே கட்டடங்கள் நின்றுபோகின்றன. நோயாளி படுத்த அன்றே அவருக்குரிய இருக்கை அகற்றப்படுகின்றது. அவருடைய செருப்பு மூலைக்குப் போகின்றது. இனி இவர் நடக்கமாட்டார் என்று நாம் முடிவு செய்துவிட்டோம் என்பதை அவர் நம் சொல்லால் அறிவதில்லை, செயலால் அறிகின்றார்.

பாஸ்டர் எழுந்தார். முதலிற் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. பின்னர் பிறர் தோளைப் பற்றிச் சில அடிகள். மூன்று மாதங்கூட நிறையவில்லை. 1869 ஜனவரியிலே தென்னாட்டுக்குப் புறப்பட்டார். மருத்துவர் அஞ்சினர், மனைவியார் அஞ்சினார். புழு வளர்க்கும் பருவம் தமக்காகக் காத்திராது என்பது அவர் எண்ணம். செந்திப்போலித்து என்னும் ஊரிலே தங்கி, நாற்காலியில் அமர்ந்தவாறே மாணவர்களை ஏவிச் சோதனைகளை நடத்தினார். விதை முட்டைகளைத் தேர்வதும் புழுக்களைப் பிளந்து பார்ப்பதும் அவர்தம் கைகளின் பணியாயிற்று. எதைப் பார்க்க வேண்டும் என்பது இவர் பணியாயிற்று. அவ்வாண்டு இறுதியில் திரியெஸ்தே நகருக்கு அண்மையிலுள்ள அரச பண்ணை ஒன்றுக்குச் சென்று, பல ஆண்டுகளாகப் பயன் தராதிருந்த பட்டு வளர்ப்பை அங்கே பயன்தரச் செய்தார். பட்டுப்புழு நோய் பற்றிய பெருநூலை மனைவியாருக்குச் சொல்லி எழுதுவித்து 1870இல் வெளியிட்டார்.

அவ்வாண்டிலே போர் மூண்டது. மகன் படையிற் சேர்ந்தான். 1871 ஜனவரியிலே, பிரெஞ்சுப் படை தோற்றுப் பனியிலே சிதறிச் சுவிற்சர்லாந்து எல்லை நோக்கி ஓடியது. மகனைப் பற்றிய செய்தி இல்லை. பாஸ்டர் பழைய வண்டி ஒன்றில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, பனி மூடிய பாதையிலே புறப்பட்டார். பசியாலும் குளிராலும் வாடிய வீரர் நிறைந்த பொந்தார்லியே ஊரிலே, நோயுற்றிருந்த மகனைக் கண்டெடுத்தார். ஒரு காலை இழுத்து நடக்கும் மனிதர் வீட்டிலிருந்து காத்திருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவர் காத்திருக்கவில்லை.

அவருடைய இடக்கை முற்றும் குணமடையவில்லை. விரல்கள் மடங்கியே இருந்தன. கால் தளர்ந்தே நடந்தது. இந்நிலையிலேதான் அவர் வாழ்வின் பெருஞ்செயல்கள் பலவும் நிகழ்ந்தன என்பதை மறத்தல் கூடாது. கால்நடைகளை அழித்த அடைப்பான் நோயை 1877இல் ஆராயத் தொடங்கினார். சார்த்திர் நகரை அடுத்த பண்ணைகளுக்குச் சென்று வயல்வெளியிலே நடந்தார். ஓரிடத்தே மண் வேறு நிறமாய் இருக்கக் கண்டு காரணம் கேட்டார். நோயால் இறந்த ஆடுகளைப் புதைத்த இடம் அது என்றனர். மண்புழுக்கள் மேலே கொணர்ந்து குவித்த மண்ணை எடுத்து ஆராய்ந்து, ஆழத்திற் புதைந்த நோய்வித்து மீண்டும் புல்வெளிக்கு வரும் வழியைக் கண்டார். வரம்பிலே நடந்தவாறே பயிரின் நிறத்தால் அதன் நோயை அறியும் நம் உழவர் கண் போன்றது அவர் கண். கால் தளர்ந்தவர் மெதுவாக நடப்பார். மெதுவாக நடப்பவர் நிலத்தைக் கூர்ந்து நோக்குவார்.

அடுத்த சில ஆண்டுகளிலே கோழிகளைக் கொல்லும் கொள்ளைநோயின் கிருமியை வலிமை குன்றச் செய்து, அதனையே தடுப்பு மருந்தாக்கினார். 1881 மே மாதத்திலே புயி-லெ-போர் என்னுமிடத்தில் ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி இடப்பட்டது. மே 31ஆம் நாள் எல்லா ஆடுகளுக்கும் கொடிய கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆம் நாள் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். தடுப்பூசி பெற்ற ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெறாத ஆடுகள் இறந்து கிடந்தன, அல்லது இறந்துகொண்டிருந்தன.

இச்செயல்களிலெல்லாம் ஊசி பிடித்த கை பெரும்பாலும் பிறருடையது. ரூ, ஷாம்பர்லான், துயிலியே முதலிய இளைஞர் அவருடைய கைகளாயினர். துயிலியே 1883இல் அலெக்சாந்திரியாவிலே வாந்திபேதியை ஆராயச் சென்று அந்நோய்க்கே பலியானார். ஈண்டு ஓர் உண்மையையும் மறையாது கூறல் தகும். பாஸ்டர் தமக்கு உதவிய கைகளுக்குரிய புகழை எப்பொழுதும் பகிர்ந்தளித்தவர் அல்லர். புயி-லெ-போரில் வென்ற மருந்து ஷாம்பர்லான் இரசாயன முறையால் ஆக்கியது என்பதும், பாஸ்டர் அதனை வெளிப்படக் கூறாது, தம் முறையால் ஆக்கியதென்று உலகம் நம்புமாறு விட்டுவிட்டார் என்பதும் அவருடைய குறிப்பேடுகளால் அறியப்பட்டன. 1995இல் ஜெரால்ட் கைசன் எழுதிய நூல் இதனை விரிவாகக் காட்டியது. பிறர் தோளிற் சாய்ந்து நடப்பவர்க்கும், தோள் கொடுப்பவர்க்கும் இதிலே பாடம் உண்டு. உதவி பெறுவது இழிவன்று. பெற்றதை மறைப்பதே குறை.

விசர்நாய்க் கடி அக்காலத்திலே மரணத்தின் மறுபெயர். வெறி பிடித்த நாயின் வாயிலிருந்து, உதடுகளுக்கிடையே பிடித்த கண்ணாடிக் குழாயால் உமிழ்நீரைப் பாஸ்டர் தாமே உறிஞ்சி எடுத்த செய்தியை, அவர் மருமகன் எழுதிய வரலாறு கூறுகின்றது. நோயுற்ற முயலின் முள்ளந்தண்டு நரம்பைக் குடுவையிலே தொங்கவிட்டு உலர்த்தி, அதன் நஞ்சை நாளுக்கு நாள் குறைத்து மருந்து செய்தனர். 1885 ஜூலை 6ஆம் நாள் அல்சாசிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். இரண்டு நாள்களுக்கு முன்னர் நாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லராதலால், கிரான்ஷே என்னும் மருத்துவர் ஊசியிட்டார். பதின்மூன்று ஊசிகள், ஒவ்வொன்றும் முன்னதிலும் வலியது. அந்நாள்களிலே பாஸ்டர் உறக்கமின்றித் தவித்தார். சிறுவன் பிழைத்தான். உலகின் பல பாகங்களிலிருந்தும் கடியுண்டோர் பாரிசை நோக்கி வந்தனர். தமிழ்நாட்டிலே குன்னூரில் 1907ஆம் ஆண்டு தொடங்கிய மருந்தாய்வு நிலையமும் இவர் பெயரையே தாங்கியது.

1887இலே நோய் மீண்டும் தாக்கியது. இம்முறை பேச்சைத் தளர்த்தியது. 1888 நவம்பர் 14ஆம் நாள் பாரிசிலே பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டபோது, அவர் எழுதிய உரையை மகன் எழுந்து வாசித்தார். 1892 டிசம்பர் 27ஆம் நாள், அவருடைய 70ஆம் பிறந்தநாளன்று, சொர்போன் மண்டபத்துக்குள்ளே குடியரசுத் தலைவர் கார்னோவின் கையைப் பற்றியவாறு நடந்து வந்தார். அவையோர் எழுந்து நின்றனர். அன்றும் அவர் சொல்லை மகனே வாசித்தார். ஆயினும் மண்டபத்தின் வாயிலிலிருந்து மேடைவரை நடந்தது அவருடைய கால்களே. 1895 செப்டம்பர் 28ஆம் நாள், தம் 72ஆம் வயதிலே, பாரிசை அடுத்த ஊரொன்றில் உயிர் நீத்தார். அவர் உடல் அவர் பெயரிலமைந்த நிலையத்தின் உள்ளேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

பாஸ்டர் அறியாத பலவற்றை இன்றைய மருத்துவம் அறியும். முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றின், விடியட்டும் என்று காத்திராது அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏற்ற நோயாளிக்குப் பொதுவாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்ளே இடப்படுகின்றது. உயர்ந்த இரத்த அழுத்தமும், நீரிழிவும், புகைத்தலும் இந்நோய்க்கு வழி திறப்பன. நோயின் பின், மருத்துவர் இசைவு தந்ததும் எழுந்து அமர்தலும், துணையோடு நிற்றலும், ஒரே செயலைப் பன்முறை பழகுதலும் இன்றியமையாதன. மூளையின் கெட்ட பகுதி செய்த வேலையை அதன் நல்ல பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளக் கூடியன. ஆயின், கற்பிக்காமல் அவை கற்பதில்லை. தண்ணீர்க் கோப்பையை நோயாளி தாமே எடுக்க முயல்வதும் ஒரு பாடமே. சிந்தினால் துடைத்துவிடலாம். விழுந்துவிடாமல் அருகே நிற்பது நம் கடமை; அவருக்காக நாமே நடந்துவிடுவது அன்று.

எல்லார்க்கும் எல்லாம் மீளும் என்று கூறுதல் பொய்யாகும். பாஸ்டருக்கும் இடக்கை மீளவில்லை. சிலருக்குப் பேச்சு மீளாது. சிலருக்கு நாற்காலியே வாழ்வாகும். ஆயினும் செயல் என்பது ஒரே வடிவம் உடையதன்று. நம் பள்ளிவாசல்களிலே இதனை நாள்தோறும் காண்கின்றோம். நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம். இருக்கவும் இயலாதவர் படுத்தவாறே தொழலாம் என்பது நம் மார்க்கம் வகுத்த நெறி. வணக்கம் நீங்குவதில்லை, அதன் வடிவமே மாறுகின்றது. வரிசையின் ஓரத்திலே நாற்காலியில் அமர்ந்து தொழும் முதியவரை யாரும் தொழாதவர் என்று எண்ணுவதில்லை.

ஜமாஅத்திலே அவருக்கு இடம் விடும் நாம், வீட்டிலும் இடம் விடுதல் வேண்டும். போடியாரை நாற்காலியில் இருத்தியேனும் வட்டைக் கரைக்கு அழைத்துச் செல்வோம். தண்ணீர் பாய்ச்ச நேரமாயிற்றா என்று அவரிடமே கேட்போம். அவருக்கென எழுப்பிய சுவரைப் பாதியிலே நிறுத்தாதிருப்போம்.